முத்துமாலைப் படத்தின் கதைச்சுருக்கம்

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஷாலினி ஒரு கதைச்சுருக்கம் அனுப்பியிருந்தாள். துபாயிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்க வராது. அதனால் கூடவே குரலிலும் பேசி அனுப்பியிருந்தாள்: “அங்கிள், இது மெஷின் எழுதினது. ஒரு நிமிஷம்கூட ஆகல. அப்படியே உங்க ஸ்டைல்! படிச்சுட்டுச் சொல்லுங்க.”

படித்தேன். பழைய பிரிட்டிஷ் படம் ஒன்றின் கதை, அறுபது சொல்லுக்குள். நன்றாகத்தான் இருந்தது. நான் இருபது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையை ஒரு பெட்டி நிமிஷத்தில் செய்துவிட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது. ஐந்தாவது வரிக்கு வந்ததும் எரிச்சலெல்லாம் ஓடிப்போய்விட்டது. “விசாரணையில் இந்திய மாலுமி, தான் எதையும் பார்க்கவில்லை என்கிறான்” என்று இருந்தது. அது மெஷின் எழுதிய வரியே இல்லை. நான் எழுதிய வரி. எழுதி, தப்பென்று தெரிந்து, திருத்தியும் கொடுத்த வரி. திருத்துவதற்குள் அது நாலு இடத்துக்கு விற்றுப் போயிருந்தது. மெஷின் அங்கே எங்கேயோ கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்து என்னிடமே நீட்டுகிறது.

ஷாலினிக்கு விஷயத்தைச் சொன்னேன். “அங்கிள், இதை அப்படியே எழுதிக் குடுங்க. புதுசா வந்திருக்கிற எல்லாருக்கும் அனுப்பறேன். எனக்கு அம்மா படிச்சுக் காட்டுவாங்க” என்றாள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது, விடமாட்டான். எழுதிவிட்டேன்.

நான் விருதுநகர் பக்கத்துக்காரன். ஆங்கிலத்தில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு, அதற்கு ஊரில் யாரும் வேலை தராததால் அபுதாபி பக்கம் ருவைஸுக்கு வந்தேன். சுத்திகரிப்பு ஆலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரிடம் டைம்கீப்பர் வேலை. கேம்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். டிவியில் ஆங்கிலப் படம் ஓடினால் எட்டுப் பேரும் பார்ப்பார்கள், எனக்கு மட்டும்தான் புரியும். விளம்பரம் வரும்போதெல்லாம் அதுவரை நடந்ததை நான் சுருக்கிச் சொல்ல வேண்டும். நீட்டினால் “யோவ், யாரு யாரைக் கொன்னான், அத மட்டும் சொல்லுய்யா” என்று அதட்டுவார்கள். ஆறு வருஷம் இப்படிப் பயிற்சி. கல்லூரியில் கற்றதைவிட அதிகம் அங்கேதான் கற்றேன் என்று சொன்னால் என் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

அப்புறம் துபாயில் ஒரு கம்பெனி, பழைய படங்களின் கதையை ஆங்கிலத்தில் சுருக்கி எழுத ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் பிரிட்டனில் எடுத்த படங்களைக் கூறுகட்டி வாங்கி வைத்திருந்தார்கள். டிவி சேனல்களுக்கும் விமானங்களுக்கும் ஓட்டல் அறைகளுக்கும் விற்பது வியாபாரம். வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்து வாங்குவதில்லை, நாங்கள் எழுதும் தாளைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எனக்கு வேலை கிடைத்தது. அஜ்மானில் வாடகைக்கு ஒரு ஃப்ளாட் பிடித்து, நாலு பேரோடு வாடகையைப் பகிர்ந்துகொண்டு ஏறும் கார் லிஃப்டில் தினமும் துபாய்க்குப் போய்வந்தேன்.

அந்தப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஆசையாக இருக்கிறது. அமெரிக்கப் படங்கள் வந்து குவிகின்றனவே என்று பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. கொட்டகைக்காரர்கள் சொந்த நாட்டுப் படங்களையும் இத்தனைக்கு இத்தனை காட்டியே ஆக வேண்டும். அந்தக் கணக்கை நிரப்புவதற்கென்றே அவசர அவசரமாகப் படங்களை எடுத்துத் தள்ளினார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு பெரிய வீடு இருக்கும். அதில் முத்துமாலையோ உயிலோ காணாமல் போகும். வேலைக்காரன் என்று நினைத்தவன் பிரபுவின் பிள்ளையாக இருப்பான், பிரபு என்று நினைத்தவன் ஜேப்படிக்காரனாக இருப்பான். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சித்தப்பா சரியான நேரத்தில் வந்து இறங்குவார். எங்கு பார்த்தாலும் மூடுபனி. லண்டனில் பனி அதிகம் என்று நினைத்திருந்தேன். செட்டில் சுவர் முடிந்துபோகும் இடத்தை மறைக்கத்தான் பனி என்று ஐம்பதாவது படத்தில் புரிந்தது.

ஒரே மாடிப்படியை ஆறு படத்தில் பார்த்திருக்கிறேன். கைப்பிடிக் கம்பி ஓரிடத்தில் வளைந்திருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். நடிகர் வசனத்தை மறந்து திருதிருவென்று விழிப்பார், அதையும் விட்டுவைத்திருப்பார்கள். மறுபடி எடுக்க ஃபிலிமும் இல்லை, நேரமும் இல்லை. சிரிக்கலாம்தான். ஆனால் இவ்வளவு குறைச்சலில், இவ்வளவு வேகத்தில், ஒரு கதையை ஆரம்பித்துக் கலியாணத்தில் கொண்டுபோய் முடித்துவிடுகிறார்களே என்று எனக்கு அந்த மனிதர்கள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. இன்றைக்கும் மூடுபனியைக் கண்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவி நேசராணி மேடம். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஏசி குளிருக்கு எப்போதும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர், மேஜையில் ஃபிளாஸ்கில் பால் கலக்காத தேநீர். யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. பிழையான தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதை நம் பக்கமாகத் திருப்பி, பிழை இருக்கும் வரிக்குக் கீழே பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாமாகக் கண்டுபிடிக்கும்வரை திரும்ப மாட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று சுருக்கம் எழுத வேண்டும். ஒரு வரி, அறுபது சொல், முழுப் பக்கம். முதல் இரண்டிலும் முடிவைச் சொல்லக் கூடாது, மூன்றாவதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஒருவனை நல்லவன், கெட்டவன் என்று எழுதக் கூடாது, அவன் செய்ததை எழுத வேண்டும். படத்தை இரண்டு தரம் பார்க்க வேண்டும். முதல் தரம் பேனாவைத் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பார்க்காததை எழுதக் கூடாது. ஒரு படத்தில் கடைசிச் சுருள் காணாமல் போயிருந்தது. கதை போகிற போக்கில் என்ன முடிவு என்று குழந்தைக்கும் தெரியும், நானும் கலியாணம் பண்ணி வைத்துவிட்டேன். பென்சில் அந்த வரிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. “கலியாணம் எத்தனையாம் நிமிசத்தில நடந்தது?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். ‘படத்தின் முடிவு கிடைக்கவில்லை’ என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

சரிபார்க்கும்போது மேடம் ஒரு காரியம் செய்வார். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, படம் முழுவதையும் கேட்பார். தூங்குகிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நானும் நினைத்திருக்கிறேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

வேலையில் சேர்ந்து எட்டு வருஷம் இருக்கும். நாளுக்கு இரண்டு படம் என்று இருந்ததை நிர்வாகம் மூன்றாக்கியது. மூன்று படத்தை இரண்டு தரம் பார்த்தால் ஷார்ஜா டிராஃபிக்கில் வீடு போய்ச் சேர்ந்து எப்போது சாப்பிடுவது? ஒரு வழி கண்டுபிடித்தேன். சில படங்களுக்கு அந்தக் காலத்து வசனப் பிரதி கூடவே இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, படத்தை இரட்டை வேகத்தில் ஓட்டினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். ஆயிரம் படத்துக்கு மேல் பார்த்தவனுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாதா? இந்த வித்தையை மேடத்துக்குத் தெரியாமல் மூன்று மாதம் செய்தேன்.

அப்படிப் பார்த்ததுதான் முத்துமாலைப் படம். நிஜப் பெயர் வேறு, ஆபீஸில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பேசும் படம் வந்த புதிதில் எடுத்தது. லண்டன் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. சீமாட்டி ஒருத்தியின் முத்துமாலையைத் தேயிலைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்து யாரோ கடத்துகிறார்கள். இன்ஸ்பெக்டருக்குக் கேப்டன் மகள்மேல் காதல். கேப்டன்மேல் சந்தேகம். நடுவில் கப்பல் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி விசாரிக்கிறார்கள். இந்திய மாலுமி ஒருவன் தன் பாஷையில் மூச்சுவிடாமல் ஏதோ சொல்கிறான், கால் நிமிஷத்துக்கு மேலேயே போகிறது. “என்ன சொல்கிறான்?” என்கிறார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்கார மேஸ்திரி, “ஒன்றும் பார்க்கவில்லையாம் ஐயா” என்கிறான். அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதானா என்று கொட்டகையில் சிரித்திருப்பார்கள். வசனப் பிரதியில் அந்த இடத்தில் ‘சுதேசி தன் மொழியில் பேசுகிறான்’ என்று மட்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தது. மேஸ்திரி சொன்னதை அப்படியே நம்பி அந்த வரியை எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

படம் விற்றுவிட்டது. மேடம் அப்போது லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தார். திரும்பி வந்து, விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவர், ஒரு நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார். தாள் என் பக்கம் திரும்பியிருந்தது. பென்சில் வைக்கவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“இந்தப் படத்தை எத்தினை தரம் பாத்தனீங்கள்?”

“ரெண்டு தரம் மேடம்.”

“சத்தம் வைச்சோ, வையாமலோ?”

மேடம் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

“இருங்கோ. கண்ணை மூடிக்கொண்டு ஒருக்கால் கேளுங்கோ.”

உட்கார்ந்து கண்ணை மூடினேன். இரைச்சலுக்கு நடுவில் இன்ஸ்பெக்டரின் ஆங்கிலம். அதற்கப்புறம் ஓர் ஆண் குரல், இளைஞன் குரல், அவசரமாக:

“அஸ்ஸலாமு அலைக்கும். எம் பேரு மீராசா.” ஊர்ப் பெயரைச் சொன்னான். “பள்ளிவாசலுக்குப் பின்தெரு. காச்சல்ல கெடந்தேன், கப்பல் என்னைய விட்டுட்டுப் போயிருச்சு. நான் ஓடிப் போகல. ஊரு ஆளுக யாராச்சும் இதப் பாத்தா எங்க வீட்டுக்குச் சலாம் சொல்லிருங்க. புள்ள பொறந்திருக்கும், ஆணா பொண்ணான்னு தெரியல. வந்துருவேன்னு சொல்லுங்க.”

“ஒன்றும் பார்க்கவில்லையாம் ஐயா.”

தமிழ். ராமநாதபுரம் கடற்கரைத் தமிழ், என் ஊரிலிருந்து பஸ் பிடித்தால் மூன்று மணி நேரம். படம் எடுத்தவர்கள் துறைமுகத்தில் நின்ற நிஜ மாலுமி ஒருவனையே கூட்டிவந்து, ஏதாவது உன் பாஷையில் பேசு என்று சொல்லியிருப்பார்கள். அவன் கிடைத்த கால் நிமிஷத்தில் வீட்டுக்குச் செய்தி சொல்லியிருக்கிறான். படம் எங்கெங்கோ போகும், கொழும்பிலோ மதராஸிலோ ஒரு கொட்டகையில் ஊர்க்காரன் எவனாவது உட்கார்ந்திருப்பான் என்று நினைத்திருப்பான். எண்பது வருஷம் கழித்து ஒரு தமிழன் கையில் அந்தப் படம் வந்து சேர்கிறது. அவன் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறான். வெட்கத்தில் மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“உங்கட பக்கத்து ஆள் கதைக்கிறான்” என்றார் மேடம். “எனக்கே நெஞ்சு திக்கெண்டு போச்சுது.”

அன்றே தாளைத் திருத்தினேன். அவன் பேசியதை ஒரு சொல் விடாமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்தேன். விற்ற இடங்களுக்கும் திருத்தம் அனுப்பினோம். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் தாளைத் திருத்துவதோடு முடிகிற விஷயமா இது? வீட்டுக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறானே.

அந்த ஊர்க்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அமீரகத்தில் ஆளில்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? எங்கள் கார் லிஃப்ட் டிரைவரிடம் சொன்னேன், மறுநாளே விசாரித்துச் சொல்லிவிட்டார்: துபாய் சத்வாவில் தையல்கடை வைத்திருக்கும் செய்யது அந்த ஊர்தான். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் பிடித்தது. அவன் திரும்பி வந்திருந்தால் செய்தியே பழையது, பரவாயில்லை. வராமலே போயிருந்தால்? இறந்துவிட்டான் என்று நினைத்து அந்தப் பெண் வேறொருவரைக் கலியாணம் செய்துகொண்டிருந்தால்? ‘வந்துருவேன்’ என்றவன் வராததற்கு அங்கேயே ஒரு குடும்பம் காரணமாக இருந்தால்? ஆறிப்போன வீட்டில் போய்க் கிளற நான் யார்?

இதையெல்லாம் மேடத்திடம் கொட்டினேன். அவர் ஃபிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். எட்டு வருஷத்தில் அது முதல் தடவை.

“செய்தி வராமலே இருந்த வீட்டை எனக்குத் தெரியும்” என்றார். “கெட்ட செய்தியெண்டாலும் வரட்டும் எண்டுதான் இருப்பினம்.”

யார் வீடு என்று நான் கேட்கவில்லை. பிறகு, “எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவும்தான். இதைக் குடுங்கோ. ஒரு சொல்லுக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்றார்.

ஆபீஸிலிருந்து ஒரு துண்டுப் படத்தைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. பென்டிரைவைக் கண்டாலே மேடத்துக்கு ஆகாது. அவரே அந்தக் காட்சியை மட்டும் வெட்டி ஒரு பென்டிரைவில் போட்டு, ‘மொழிச் சரிபார்ப்புக்காக வெளியே அனுப்புகிறேன்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். ஏதாவது பிரச்சினை வந்தால் அவர் தலைதான் போகும்.

செய்யதுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கழுத்தில் டேப், வாயில் குண்டூசி. கடையில் இருந்த பழைய கணினியில் போட்டுக் காட்டினேன். முதல் சலாத்திலேயே அவர் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். முடிந்ததும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

“அண்ணே, இந்த வீடு எனக்குத் தெரியும்ணே. ‘ஓடிப்போனவுக வீடு’ன்னுதான் சொல்லுவாக. கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போனாக்கூட அப்படித்தான் அடையாளம் சொல்லுவாக.”

“என்ன ஆச்சு அவருக்கு?”

“யாருக்குத் தெரியும்? கப்பல் கம்பெனிக்காரன் ஆளு ஓடிட்டான்னு எழுதிட்டானாம். சீமையில வெள்ளக்காரிய வச்சுக்கிட்டு இருந்துட்டாகன்னு ஊருல பேச்சு. அவுக பொஞ்சாதி கடைசிவரைக்கும் யாரையும் கட்டிக்கல, மவுத்தாகி ரொம்ப வருசமாச்சு. மக இருக்காக. ஆமினாம்மா. எண்பதுக்கு மேல ஆகும். அந்தப் பேச்சாலயே அவுகளுக்கு நிக்காஹ்கூட ரொம்ப லேட்டாத்தான் நடந்துச்சாம்.”

மேடத்திடம் கொட்டிய பயத்தை இவரிடமும் சொன்னேன். வந்துருவேன் என்று சொல்லிவிட்டு வரவில்லையே, அது இன்னும் புண்படுத்தாதா என்றேன். செய்யது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அண்ணே, ஒருத்தருக்குச் சலாம் சொல்லச் சொல்லி ஒரு ஆளு நம்மகிட்ட சொல்லிட்டாருன்னா அது அமானிதம். நம்ம கையில குடுத்துவச்ச பொருளு மாதிரி. கொண்டு போய்ச் சேத்தாகணும். இதுல நீங்களும் நானும் யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

நான் ‘அவன் குடும்பத்துக்கு வணக்கம் சொல்கிறான்’ என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன். என்னைப் போன்றவனுக்கு அது ஒரு வரி. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது.

ஃபோனில் அனுப்பிவிடலாம் என்றேன். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை, அமானிதத்தைக் கையால்தான் கொடுக்க வேண்டுமாம். அடுத்த வாரம் லீவில் போகும் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வளைகுடாவில் லீவுக்குப் போகிறவன் பெட்டியில் பாதி அடுத்தவன் சாமான்தானே. அவர் பென்டிரைவைப் பெட்டியில் போடாமல் சட்டைப்பையில் வைத்துத் தைத்துக்கொண்டு போனார். தைத்துக் கொடுத்தது செய்யதுதான்.

அவர் போய்ச் சேர்ந்த வாரம், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஊரிலிருந்து கூப்பிடுவதாக ஏற்பாடு. சத்வாவில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு செய்யதும் நானும் உட்கார்ந்திருந்தோம். குனிந்து உள்ளே வந்தது யார் என்று பார்த்தால் மேடம். அந்தச் சாம்பல் ஸ்வெட்டரோடு. வெளியே நாற்பது டிகிரி வெயில். “எனக்கும் கேக்கோணும்” என்று சொல்லிவிட்டு, துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம். ஆமினாம்மாவின் மகன் பேசினார், ஐம்பது வயதுக்காரர்.

“தம்பி செய்யது, எல்லாரும் வந்துட்டாக. உம்மா பக்கத்துலதான் இருக்காக. போடட்டுமா?”

“போடுங்க.”

எங்களுக்குப் படம் தெரியாது, சத்தம் மட்டும்தான். மேடம் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் ஆங்கிலம், இரைச்சல், அப்புறம் அந்தக் குரல், கடல் தாண்டிப் போய்த் திரும்பவும் கடல் தாண்டி எங்களிடம் வந்தது. “நான் ஓடிப் போகல” என்ற இடத்தில் அந்தப் பக்கம் ஒரே சலசலப்பு. பெண்கள் குரல், யாரோ “யா அல்லாஹ்” என்றார்கள்.

“கேட்டீகளா? எல்லாரும் கேட்டீகளா?” மகன் கத்துகிறார். எங்களிடம் இல்லை, வாசலில் நின்றவர்களிடம். “ஓடிப் போகலன்னு அவுக வாயாலேயே சொல்றாக! காச்சல்ல கெடந்திருக்காக!” கொஞ்ச நேரம் ஃபோனில் அழுகைதான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

பிறகு அவர் என்னைக் கேட்டார். “அண்ணே, நீங்கதான படத்த எல்லாம் பாக்குறவுக? அதுக்கப்புறம் அவுக எங்க போனாக? ஏன் வரல? எப்படி மவுத்தானாக?”

ஆயிரம் படத்துக்கு மேல் முடிவு எழுதிய கை. ஒரு நொடியில் எனக்குள் முடிவு தயாராகிவிட்டது. அடுத்த கப்பலைப் பிடித்துக் கிளம்பிவிட்டார், வழியில் புயல், வீட்டை நினைத்துக்கொண்டேதான் போயிருப்பார். எவ்வளவு ஆறுதலாக இருக்கும். யார் வந்து இல்லையென்று சொல்லப் போகிறார்கள்? வாயைத் திறந்தேன். மேடம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“தெரியலைங்க” என்றேன். “படத்துல இவ்வளவுதான் இருக்கு. அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஏமாற்றிவிட்டேனோ என்று இருந்தது. அப்போது ஒரு முதிய குரல், மெல்ல:

“இன்னொருக்க வைங்க.”

“உம்மா, நடுவுல நிக்கிறவுகதான் உங்க வாப்பா. தெரியுதா?”

“கண்ணு எங்க தெரியுது. நீ சத்தத்தக் கூட்டி வையி. எல்லாரும் பேசாம இருங்க.”

மறுபடி ஓடியது. இந்தத் தடவை அங்கே ஒரு சத்தமும் இல்லை. சலாம், பேர், ஊர், பின்தெரு, காய்ச்சல், கப்பல். வந்துருவேன்னு சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் கேட்கிறார், மேஸ்திரி பதில் சொல்கிறான். அந்த ஆங்கிலத்தின்மேலேயே, அது ஓய்வதற்குக் காத்திராமல், நேரே தன் தகப்பனிடம் அந்த அம்மா பேசினார்:

“வ அலைக்கும் சலாம், வாப்பா. பொம்பளப் புள்ள.”